பூனைக்கு சுகர்: இன்சுலின் செலவை எங்க குறைக்கலாம், எங்க குறைக்கவே கூடாது?



கும்மிடிப்பூண்டி சிப்காட்ல ஷிஃப்ட் முடிச்சு ரூமுக்கு வர்றீங்கன்னு வச்சுக்குவோம். வழக்கமா வாசல்லயே காலைச் சுத்துற பூனை, தண்ணிக் கிண்ணம் பக்கத்துலயே படுத்துக் கிடக்கு. கொஞ்ச நாளாவே தண்ணி நிறைய குடிக்குது, அடிக்கடி சிறுநீர் போகுது, நல்லா சாப்பிட்டும் இளைக்குது. ரத்தம் எடுத்துப் பார்த்த டாக்டர் சொல்றார்: "சுகர் இருக்கு. தினமும் ரெண்டு வேளை இன்சுலின் போடணும்."

அடுத்த நிமிஷம் மனசுல ஓடுற கேள்வி ஒண்ணுதான். என் சம்பளத்துல இது கட்டுமா? வாங்க, கணக்குப் போட்டுப் பார்த்துடலாம்.

இன்சுலின் கணக்கு

பல பூனைகளுக்கு டாக்டர்கள் ஒரு வேளைக்கு 1 யூனிட் அளவுல, 12 மணி நேரத்துக்கு ஒரு தடவைன்னு ஆரம்பிப்பாங்க. அப்படின்னா மாசம் 60 யூனிட். கிளார்ஜின் இன்சுலின் 3 மில்லி கார்ட்ரிட்ஜ்ல 300 யூனிட் இருக்கும். அதனால மருந்தை விட, கூடவே வர்ற சிரிஞ்ச், ஸ்ட்ரிப், டாக்டர் ஃபீஸ், போக்குவரத்து இதெல்லாம்தான் பட்ஜெட்டைக் கடிக்கும். சிரிஞ்ச் மட்டுமே மாசம் 60 வேணும்.

திறந்த மருந்தை எத்தனை நாள் வைக்கலாம்னு டாக்டர்கிட்ட கேட்டு, திறந்த தேதியை அட்டை மேலயே எழுதிடுங்க. திறக்காத மருந்து ஃபிரிட்ஜ்ல இருக்கணும், ஃப்ரீசர்ல போகக் கூடாது. கத்திரி வெயில்ல பைக் பெட்டிக்குள்ள ஒரு ஷிஃப்ட் முழுக்க விட்டுட்டா, அந்தக் காசு வீண்.

சிரிஞ்ச்ல மிச்சம் பிடிக்காதீங்க

நம்ம மெடிக்கல் ஷாப்கள்ல ரெண்டு வகை இன்சுலின் சிரிஞ்ச் கிடைக்கும். யு-40 பொதுவா சிவப்பு மூடி, யு-100 ஆரஞ்சு மூடி. எண் என்ன சொல்லுதுன்னா, ஒரு மில்லியில எத்தனை யூனிட் மருந்து இருக்குன்னு.

கிளார்ஜின் யு-100 வகை. அதை யு-40 சிரிஞ்ச்ல "1"னு போட்ட கோடு வரைக்கும் இழுத்தா, உள்ள போறது 1 யூனிட் இல்ல, 2.5 யூனிட்! நாலு கிலோ பூனைக்கு இது சின்ன தப்பு கிடையாது. சுகர் தடாலுன்னு இறங்கி, வலிப்பு வந்து, உயிரே போகலாம். கடைக்காரர் "எல்லாம் ஒண்ணுதான் தம்பி"ன்னு சொன்னாலும், மருந்து அட்டையில இருக்கிற எண்ணும் சிரிஞ்ச்ல இருக்கிற எண்ணும் ஒத்துப் போகுதான்னு நீங்களே பாருங்க.

டோஸை யார் மாத்துறது?

அளக்கிறது நீங்க, முடிவு டாக்டருடையது.

கும்மிடிப்பூண்டி லைனோ திருவள்ளூர் லைனோ, லோக்கல் ட்ரெயின் ஏறினா சென்ட்ரல். அங்கிருந்து கொஞ்ச தூரத்துல வேப்பேரி மெட்ராஸ் கால்நடை மருத்துவக் கல்லூரி. 1903-ல் தொடங்கின கல்லூரி, மருத்துவமனையும் அங்கேயே இருக்கு. ஆனா கூடைக்குள்ள அடைபட்டு, கூட்டத்தையும் நாய்க் குரைப்பையும் தாண்டிப் போற பூனைக்கு, பயத்துலயே சுகர் ஏறிடும். அந்த எண்ணை மட்டும் வச்சு டோஸ் கூட்டினா தப்பாயிடலாம்.

அதனாலதான் வீட்டுல அளக்கிறதுக்கு மதிப்பு. காது ஓரத்துல சின்னதா குத்தி, ஒரு சொட்டு ரத்தம் எடுத்தா போதும். வார லீவு நாள்ல, ஊசிக்கு முன்னாடி ஆரம்பிச்சு 2 மணி நேரத்துக்கு ஒரு தடவை, 12 மணி நேரம் அளந்தா 7 ஸ்ட்ரிப் ஆகும். மனுஷங்களுக்கான மீட்டர் பூனை ரத்தத்துல பொதுவா கொஞ்சம் குறைச்சுக் காட்டும். அதனால எந்த மீட்டர்னு டாக்டர்கிட்ட சொல்லிடுங்க.

நேரம், சுகர், டோஸ், சாப்பாடு, எடை. இந்த அஞ்சையும் நோட்டுல எழுதி ஃபோட்டோ எடுத்து அனுப்புங்க. டாக்டர் பார்க்கிறது முக்கியமா, ஊசிக்கு அப்புறம் சுகர் எவ்வளவு கீழ இறங்குச்சுன்னுதான். மாத்தம் பெரும்பாலும் அரை யூனிட், ஒரு யூனிட் அளவுலதான் இருக்கும். மாத்தின பிறகு ஒரு வாரமாவது பொறுத்துப் பார்ப்பாங்க. ஒரே ஒரு ரீடிங் 400 காட்டுச்சுன்னு நீங்களா கூட்டிடாதீங்க. ஒரு நாள் ரீடிங் பார்த்து ஷேர் வாங்குற மாதிரி இல்ல இது, இங்க நஷ்டம் உயிர்.

80-க்குக் கீழ காட்டினா, அடுத்த ஊசிக்கு முன்னாடி டாக்டருக்கு ஃபோன் பண்ணுங்க. பூனை தள்ளாடுது, நடுங்குது, சோர்ந்து விழுதுன்னா, தேனோ சர்க்கரைத் தண்ணியோ ஈறுல தடவிட்டு உடனே ஆஸ்பத்திரிக்குக் கிளம்புங்க. சாப்பிடாத பூனைக்குக் கேட்காம ஊசி போடாதீங்க.

ஷிஃப்ட் சிக்கல்

6-2, 2-10, 10-6. மூணு ஷிஃப்ட்டும் மாறி மாறி வந்தா, எந்த நேரத்தைக் குறிச்சாலும் ஏதாவது ஒரு வாரம் நீங்க கம்பெனியிலதான் இருப்பீங்க. அதனால ரூம்மேட் ஒருத்தருக்காவது ஊசி போடக் கத்துக் கொடுங்க. "போட்டாச்சு"ன்னு நோட்டுல டிக் அடிக்காம யாரும் நகரக் கூடாது. ஒரு வேளை தவறினா வானம் இடிஞ்சு விழாது. ஆனா ரெண்டு பேரும் தனித்தனியா போட்டுட்டா ஆபத்து.

பணத்தை எப்படி ஒதுக்குறது?

கம்பெனி மெடிக்ளைம்ல பூனை வராது, 80டி-லயும் வராது. பெட் இன்ஷூரன்ஸ்ல, ஏற்கெனவே இருக்கிற நோய்க்குப் பொதுவா கவர் கிடைக்காது. அதனால முதல் ரெண்டு மாச பில்லைக் கூட்டி, சராசரி எடுத்து, அந்தத் தொகையைச் சம்பள நாள்லயே தனி அக்கவுண்டுக்கு மாத்திடுங்க. அவசரத்துக்கு ஒரு ஆஸ்பத்திரிச் செலவு அளவுக்கு அதுல எப்பவும் இருக்கட்டும்.

ஒரு நல்ல செய்தி. சீக்கிரமே ஆரம்பிச்சு, மாவுச்சத்து குறைஞ்ச சாப்பாட்டுக்கு மாறின சில பூனைகளுக்கு இன்சுலினே தேவைப்படாம போயிருக்கு. ஆனா பால் சோத்தை நிறுத்துறதையும் டாக்டர்கிட்ட சொல்லிட்டே செய்யுங்க. சாப்பாடு மாறி, பழைய டோஸே தொடர்ந்தா சுகர் ரொம்ப இறங்கிடும்.

1923-ல் இன்சுலின் காப்புரிமையைக் கண்டுபிடிச்சவங்க டொராண்டோ பல்கலைக்கழகத்துக்கு ஆளுக்கு ஒரு டாலருக்குக் கொடுத்தாங்க. மருந்து எல்லாருக்கும் கிடைக்கணும்ங்கிறது அவங்க எண்ணம். நம்ம பங்குக்கு, சரியா அளந்து போடுவோம்.

உங்க வீட்டுப் பூனைக்கு மாசம் எவ்வளவு ஆகுதுன்னு கமெண்ட்ல சொல்லுங்க. அடுத்த வீடியோவுல சந்திப்போம்!