சர்ப்பகந்தா வேரின் மருந்துச் சத்து

மூலிகைகளின் குணத்தை நம் முன்னோர் அனுபவத்தாற் கண்டனர். அக்குணத்துக்குக் காரணமான பொருள் யாதென வினாவி, அதனைத் தூய நிலையிற் பிரித்தெடுப்பது இரசாயனவியலார் பணியாகும். இப்பணி எத்துணை ஏமாற்றந் தரவல்லது என்பதற்குச் சர்ப்பகந்தாவின் வரலாறு தக்க சான்றாகும்.

இந்தியாவிலும் இலங்கையிலும் வளரும் இச்சிறு செடியின் வேர், உறக்கமின்மை, சித்தப்பிரமை, பாம்புக்கடி ஆகியவற்றுக்கு நெடுங்காலமாக வழங்கப்பட்டு வந்தது. 1931ஆம் ஆண்டிலே சலீமுஸ்ஸமான் சித்தீக்கி என்பாரும் அவருடைய உடனாய்வாளரும் தில்லியில் இவ்வேரிலிருந்து ஐந்து அல்கலொயிட்டுகளைப் பளிங்குருவிற் பெற்றனர். அவற்றுள் ஒன்று, யுனானி வைத்தியர் ஹக்கீம் அஜ்மல் கானின் பெயரால் அஜ்மலின் எனப்பட்டது. அதே ஆண்டில் சென், போஸ் என்னும் இருவர், வேர்த்தூள் மனநோயாளரை அமைதிப்படுத்துவதையும் குருதியமுக்கத்தைக் குறைப்பதையும் எடுத்துரைத்தனர். ஆயினும், அமைதி தரும் அக்குணத்தை அஜ்மலின் முதலிய பளிங்குகளிற் காண இயலவில்லை. குணம் எங்கே ஒளிந்தது?

அல்கலொயிட்டுகளைப் பிரிக்கும் பொதுமுறையை நோக்கின் விடை புலனாகும். வேர்த்தூளை மதுசாரத்தில் ஊறவைத்து, வடித்து, மதுசாரத்தை ஆவியாக்கினால் பிசின்போன்ற சாறு எஞ்சும். அதனுடன் நீர்த்த அமிலத்தைச் சேர்க்க, அல்கலொயிட்டுகள் உப்புகளாகி நீரிற் கரையும். அக்கரைசலுக்குக் காரமூட்டினால் அவை மீண்டும் வெளிப்படும். அவற்றைத் தக்க கரைப்பானில் எடுத்துப் பளிங்காக்கலாம். அமிலத்திற் கரையாத பிசின் வழக்கமாகக் கழிவென ஒதுக்கப்படும்.

1940களில் இந்திய ஆய்வாளர் சிலர், உறக்கந் தரும் ஆற்றல் அப்பிசினிலேயே உண்டெனக் கண்டனர். பின்னர், சுவிற்சர்லாந்தின் பாசல் நகரிலே முல்லர், ஷிலிட்லர், பைன் என்போர் அப்பகுதியை ஆராய்ந்து, 1952இல் ரெசர்ப்பின் என்னும் பொருளை வெளிப்படுத்தினர். இது மிக மென்மையான காரகுணமுடையதாதலின் எளிதில் அமிலக் கரைசலிற் சேராது பிசினிலே தங்கியிருந்தது. உலர்ந்த வேரில் இதன் அளவு ஏறக்குறைய ஆயிரத்தில் ஒரு பங்கே.

இதனாற் பெறப்படுவது யாது? அழகிய பளிங்கு முதலிற் கிடைத்தது என்பதனால் அதுவே மருந்தாகிவிடாது. பிரிக்கும் ஒவ்வொரு படியிலும், எடுத்த பகுதியையும் ஒதுக்கிய பகுதியையும் உயிரினத்தின்மேற் சோதித்தல் வேண்டும். முதலிற் பெற்ற அஜ்மலினும் வீணன்று. அது பின்னர் இதயத் துடிப்பின் ஒழுங்கீனத்துக்கு மருந்தாயிற்று. ரெசர்ப்பினும் தீதற்றதன்று; அளவு மிகின் மனச்சோர்வை விளைக்கும். வேரின் வேறுபட்ட குணங்களைத் தனித்தனியே அறிந்து அளந்து வழங்க வழிசெய்தமையே இவ்வாய்வின் பயனாகும்.