பீலிக்கு மலை, அருவிக்கு மோட்டர்

கண்டிக்கு அருகிலுள்ள அக்குறணையின் மேட்டு வளவுகளில் முன்பு யாரும் அருவி கட்டவில்லை, பீலி வைத்தார்கள். சரிவில் ஊற்றுக் கசியும் இடம் பார்த்துப் பிளந்த மூங்கிலையோ கமுகமரத் துண்டையோ செருகினால் போதும். கீழே ஒரு தட்டைக் கல். அதன்மேல், ஆள் நின்று குளிக்கிற உயரத்திலிருந்து தண்ணீர். எவ்வளவு விழ வேண்டும், எங்கிருந்து விழ வேண்டும் என்ற இரண்டு கேள்விக்கும் மலையே பதில் சொல்லிவிடும். மழை பிடித்தால் தடித்து விழும், மாசி பங்குனியில் மெலிந்துபோகும். 5ஆம் நூற்றாண்டில் மன்னன் காசியப்பன் சிகிரியாவில் அமைத்த நீரூற்றுகளுக்கும் இதே கணக்குத்தான். மேட்டில் தேங்கிய நீர் நிலத்தடிக் கால்வாயில் இறங்கி, துளையிட்ட சுண்ணாம்புக்கல் வழியே பீறிடும். நல்ல மழைக்குப் பிறகு அவை இன்றும் பாய்கின்றன.

அந்தக் காலத்தில் மீன் வளர்த்த தொட்டி என்றால் பழைய பள்ளிவாசல் ஹவுழ்தான். நுளம்புக் குடம்பியைத் தின்னட்டும் என்று மீன் விட்டிருப்பார்கள். தொழுகைக்கு முன் வுழூச் செய்கிறவர்கள் கை, முகம், கால் கழுவக் கையால் அள்ளுவதே அந்த நீருக்கு அசைவு.

இன்று சரிவை வெட்டி மதில் எழுப்பிய வீட்டில், மதிலோரம் ஒரு தடாகம், அதில் கொய் மீன், பின்னால் நாலடிக் கல் அடுக்கு. மலை செய்த வேலையை இப்போது காசு கொடுத்து வாங்க வேண்டும். ஹாட்வெயார் கடையில் கேட்கிற முதற் கேள்வியே பிழை: “அரைக் குதிரையா நானா, ஒரு குதிரையா?”

அரைக் குதிரைவலு மோட்டர் மாடித் தாங்கிக்குத் தண்ணீர் ஏற்றப் பிறந்தது. முப்பது மீற்றர் உயரத்துக்கும் தள்ளும். ஆனால் அந்தச் சிறிய ரகத்தில் நிமிடத்துக்கு 35 லீற்றர் வந்தாலே அதிகம். அருவிக்கு வேண்டியது நேரெதிர்: குறைந்த உயரம், நிறைய நீர். ஊரின் பிங்கா ஓயா ஆறு கரை கடந்து ஏ-9 வீதியில் ஏறும் நாட்களில் கடைக்குள் நிற்கும் வெள்ளத்தை வெளியே தள்ளத் தேடுகிற பம்பும் இதே குணத்தது. வெள்ளம் கண்ட ஊருக்கு இதைப் புதிதாகச் சொல்லத் தேவையில்லை, ஆனாலும் தோட்டம் என்று வந்தால் எல்லோரும் குதிரையைத்தான் எண்ணுகிறார்கள்.

அளக்க வேண்டியது தண்ணீர் வழியும் விளிம்பின் அகலத்தை. ஓர் அங்குலத்துக்கு மணிக்கு ஏறத்தாழ 380 லீற்றர் இருந்தால் கண்ணாடித் தகடு போல வழியும். இரைச்சலோடு கொட்ட வேண்டுமென்றால் 570. பன்னிரண்டு அங்குல விளிம்புக்குக் குறைந்தது 4,560 லீற்றர். அடுத்தது உயரம். பம்ப் எவ்வளவு ஆழத்தில் கிடக்கிறது என்பது பொருட்டல்ல. தடாகத்து நீர்மட்டத்திலிருந்து விளிம்பு வரை அளந்தால் போதும். அது நாலடி. குழாயின் உராய்வுக்கு இரண்டடி சேர்த்தால் ஆறடி.

இங்கேதான் பெட்டி ஏமாற்றும். ‘5,000 லீற்றர், எச் மேக்ஸ் 3 மீற்றர்’ என்று அச்சடித்திருப்பதை, 3 மீற்றர் உயரத்தில் 5,000 லீற்றர் வரும் என்று வாசிக்கிறோம். உண்மையில் 5,000 வருவது உயரமே இல்லாதபோது. 3 மீற்றரில் ஒரு சொட்டும் வராது. ஆறடியில் அதன் பாதிகூடக் கிடைப்பது ஐயம். பெட்டியின் பக்கத்திலுள்ள வளைகோட்டில் ஆறடிக்கு நேரே என்ன இருக்கிறது என்று பார்த்துத்தான் வாங்க வேண்டும். குழாயிலும் கஞ்சத்தனம் கூடாது. விட்டம் பாதியானால் உராய்வு சுமார் முப்பது மடங்காகிறது. இந்த அளவுக்கு ஒன்றரை அங்குலக் குழாய் பொருந்தும். முக்கால் அங்குலம் போட்டால் பம்பின் பலமெல்லாம் குழாய்ச் சுவருக்கே போய்விடும்.

சரியான பம்ப் 80 வாட் அளவில் அமையும். இரவு பகலாக ஓடினால் மாதம் 57.6 அலகு. வீட்டுப் பாவனைக் கட்டணம் அலகு கூடக் கூட மேல் படிக்குத் தாவுவது என்பதால், அருவியின் செலவு ஃபிரிட்ஜின் மின்செலவையும் சேர்த்து ஏற்றிவிடும். 2022 ஓகஸ்டில் 75 வீதமும் 2023 பெப்ரவரியில் 66 வீதமும் கட்டணம் உயர்ந்தபோது, அதுவரை அழகுக்கு ஓடிய அருவிகளை நிறுத்தலாமா என்ற கேள்வி வந்தது. அதற்கு முன்பே, 2022 மார்ச் கடைசியில் 13 மணி நேர மின்வெட்டு அவற்றைக் கேட்காமலே நிறுத்தியிருந்தது.

நிறுத்துவதிலும் ஒரு சிக்கல். இரவில் தாவரமும் பாசியும் ஒட்சிசனை எடுக்கும். விடியற்காலையில்தான் நீரில் அது மிகக் குறைவு. செலவுக்குப் பயந்து இரவில் அணைக்கிறவர் மீனுக்கு மிகவும் தேவையான நேரத்தில் மூச்சை அடைக்கிறார். முழுதாக அணைத்து மீனும் செத்தால் நுளம்பு, டெங்குக்காலத்தில் பொதுச் சுகாதாரப் பரிசோதகர் (பீ.எச்.ஐ.) வந்து நிற்பார்.

ஆகவே ஒரு பெரிய பம்பைவிட இரண்டு வேலைக்கு இரண்டு கருவி நல்லது என்பேன். காற்றுக் குமிழி விடும் 10 வாட் கருவி நாள் முழுக்க ஓடினால் மாதம் 7.2 அலகு. 80 வாட் அருவிப் பம்ப் மாலையில் மூன்று மணி நேரம் ஓடினாலும் அதே 7.2. இரண்டும் சேர்ந்து 14.4 அலகு, முன்னையதில் கால்வாசி. விருந்தாளி வரும் வேளையில் அருவி, மற்ற நேரத்தில் மீனுக்குக் காற்று.

கல்லைச் சிமெந்தால் ஒட்டுவதற்கு முன்பு குழாய் வாயில் பத்து லீற்றர் வாளியைப் பிடித்துப் பாருங்கள். எட்டு வினாடிக்குள் நிரம்பினால் 4,500 லீற்றர் வருகிறது. பதினாறு பிடித்தால் விளிம்பை ஆறு அங்குலமாகக் குறுக்கிவிடலாம், பம்பை மாற்றுவதைவிட அது மலிவு.