மரணசாதனமும் நிறைவேற்றுநர் கடனும்

கடன் என்னும் சொல் தமிழிலே பல பொருள் குறித்து வரும். பிறரிடம் பெற்றுத் திருப்பிக் கொடுக்கவேண்டிய பொருளும் கடன். தவறாது ஆற்றவேண்டிய முறைமையும் கடன். இறந்தார்க்கு இயற்றும் கிரியையும் கடன். அந்தியேட்டி நிறைவுற்றதும் இறந்தார்க்குச் செய்யவேண்டியன யாவும் முடிந்தன எனப் பலர் எண்ணுவர். அவர் ஆதனம் விட்டுச் சென்றாராயின் ஏனைய இரு கடன்களும் எஞ்சி நிற்கும். அவற்றைச் சுமப்பவரே மரணசாதனத்தில் நியமிக்கப்பட்ட நிறைவேற்றுநர்.

மரணசாதனம் செல்லுபடியாதற்கு வேண்டிய முறையை இலங்கையில் 1840 ஆம் ஆண்டின் 7 ஆம் இலக்க மோசடித் தடுப்புக் கட்டளைச் சட்டம் விதித்தது. பிரசித்த நொத்தாரிசின் முன்னிலையிலே சாட்சிகள் இருவர் இருக்கக் கையொப்பமிடுதல் ஒரு முறை. நொத்தாரிசு இல்லாதவிடத்து ஒரே வேளையிற் கூடியிருக்கும் சாட்சிகள் ஐவர் வேண்டும்.

சாதனத்திலே தம் பெயர் எழுதப்பட்டிருத்தல் பற்றி ஒருவர் உடனே காணி விற்கவோ பணம் பங்கிடவோ முற்படலாகாது. 1889 ஆம் ஆண்டின் குடியியல் நடவடிக்கைமுறைச் சட்டக்கோவையின்படி மரணசாதனத்தை மாவட்ட நீதிமன்றத்தில் ஒப்படைத்து, அது மெய்யானதென நிறுவுதல் வேண்டும். அதனை ஏற்று மன்று வழங்கும் பத்திரமே புறோபேற்று. இப்பொறுப்பை விரும்பாதவர் தொடக்கத்திலேயே விலகிக்கொள்ளலாம். ஏற்றபின் கைவிடுதல் எளிதன்று.

புறோபேற்று சாதனத்தின் உண்மையை நிறுவுமேயன்றி, அதிற் கூறப்பட்ட பொருளெல்லாம் இறந்தவருடையவே என நிறுவமாட்டாது. ஆதலால் ஆதன அட்டவணை எழுதும்பொழுது மிக்க கவனம் வேண்டும். தேசவழமைக்குட்பட்ட குடும்பங்களில் இது பின்னும் இன்றியமையாதது. மனைவியின் சீதனக் காணி கணவனின் ஆதனமாகாது. அதனை அவன் மரணசாதனத்தாற் கொடுக்கவும் முடியாது. முதுசம் எது, தேடிய தேட்டம் எது என்பவற்றையும் உறுதிகளை ஆராய்ந்தே துணிதல் வேண்டும். 1911 ஆம் ஆண்டின் யாழ்ப்பாண விவாக உரிமைகளும் மரபுரிமையும் பற்றிய கட்டளைச் சட்டமும் அதன் 1947 ஆம் ஆண்டுத் திருத்தமும் இவ்விடத்து நோக்கத்தக்கன.

அடுத்தது பணக்கடன். ஈமச் செலவும் நிருவாகச் செலவும் கடன்களும் தீர்ந்தபின் எஞ்சுவதே கொடைக்குரியது. ஓர் உதாரணம் காண்போம். ஒருவர் பத்து இலட்சம் ரூபா விட்டு இறந்தார். மகளுக்கு எட்டு இலட்சம் ரூபா கொடுக்குமாறு எழுதினார். அவர் பட்ட கடனும் செலவுகளும் நான்கு இலட்சம். எஞ்சுவது ஆறு இலட்சமாதலின் மகள் பெறுவதும் அவ்வளவே. சாதனத்தில் எழுதியவாறே எட்டு இலட்சத்தையும் முதலிற் கொடுத்துவிட்டால், கடன்கொடுத்தவர்க்குக் குறையும் இரண்டு இலட்சத்துக்கு நிறைவேற்றுநர் தம் கைப்பொருளாற் பொறுப்பாக நேரும். தங்கையின் கண்ணீர்க்கு இரங்கிய அண்ணனாயினும் இப்பொறுப்பினின்று தப்புதல் அரிது.

இறுதியானது கணக்கு. புறோபேற்றுப் பெற்று 12 மாதங்களுக்குள் வரவு செலவு முழுவதையும் சத்தியத்துடன் மன்றுக்குக் காட்டுதல் நிறைவேற்றுநர் கடமை. ஆதனப் பணத்தைத் தம் பணத்தோடு கலவாமல் வங்கியிலே வேறாக வைத்தலும், ஒவ்வொரு செலவுக்கும் பற்றுச்சீட்டுப் பெறுதலும், உரித்தாளர் கேட்குமுன்னரே கணக்கைக் காட்டுதலும் நல்வழக்கங்கள். நம்மிடையே மூத்த மகனை நிறைவேற்றுநராக்குதல் பெருவழக்கு. தகப்பனிடத்தில் நிற்பவனிடம் கணக்குக் கேட்டல் மரியாதையன்று எனத் தம்பியர் வாய்மூடியிருப்பர். கேளாதவர்க்குக் காட்டுவானேன் என அவனும் இருந்துவிடுவான். வஞ்சனை சிறிதுமில்லாத வீட்டிலேயும் இம்மௌனம் ஐயமாக வளர்ந்து, ஈற்றில் எல்லை வேலிக்கும் கிணற்றுப் பங்குக்கும் வழக்காடச் செய்கின்றது.

நிறைவேற்றுநர் தாமும் உரித்தாளருள் ஒருவராயிருக்கலாம். ஆயினும் பங்கு பெறுதல் வேறு. பங்கிட்டுக் கொடுத்தல் வேறு. பேசமுடியாத ஒருவரின் சொல்லைக் காப்பவர், பேசக்கூடிய அனைவர்க்கும் விடை சொல்லக் கடமைப்பட்டவராவர்.