சீனத்து நிலக்கரியும் உலக மெதேன் பெருக்கமும்: ஓர் ஒப்புநோக்கு

வளிமண்டல மெதேன் பற்றிய விவாதங்களில் நாடுகளின் பெயர்கள் குற்றவாளிக் கூண்டில் ஏற்றப்படுவது வழக்கமாகிவிட்டது. அவற்றுள் முதலிற் சுட்டப்படுவது பெரும்பாலும் சீனா. 'நாடு' என்னும் அலகைக் கொண்டு இப்பெருக்கத்தை எவ்வளவு தூரம் விளக்கலாம் என்பதே இங்கு நாம் எழுப்பும் வினா. இலக்கியம் கற்போர் வளைகோடுகளை வாசிக்க முனைவது சிலருக்கு அத்துமீறலாகத் தோன்றலாம். ஆயினும் வளைகோட்டின் பின்னாலும் மனித உழைப்பே நிற்கின்றது.

முதலில் உலகப் போக்கை நோக்குவோம். 1980களில் விரைந்து உயர்ந்துவந்த மெதேன் செறிவு, 1999 முதல் 2006 வரை ஏறக்குறைய அசையாது நின்றது. 2007 இல் மீண்டும் உயரத் தொடங்கி, 2014 இன் பின் வேகங்கொண்டு, 2021 இல் அதுவரை அளவிடப்பட்டவற்றுள் மிகப் பெரிய ஆண்டு அதிகரிப்பை எட்டியது.

சீனாவின் வரலாறு வேறு. 2000 இல் ஏறத்தாழ 140 கோடி தொன்னாயிருந்த அதன் நிலக்கரி உற்பத்தி, 2013 இல் 400 கோடி தொன்னை அண்மித்தது. நிலக்கரிப் படைகளில் அடைபட்டிருந்த மெதேனும் அதனோடு வெளிவந்தது. உலக வளைகோடு கிடையாக நின்ற ஆண்டுகளிலேயே சீனத்து வெளியேற்றம் ஏறத் தொடங்கிவிட்டது. இதிற் புதிர் எதுவுமில்லை. மெதேன் ஏறத்தாழப் பத்தாண்டில் வளிமண்டலத்தில் அழிவது. செறிவின் தேக்கம் மொத்த வரவும் செலவும் சமன்பட்டதையே காட்டும். 1991 இல் சோவியத் ஒன்றியம் சிதைந்தபின் அங்கு எரிவாயுத் துறையும் கால்நடை வளர்ப்பும் சுருங்கியமை இத்தேக்கத்துக்குத் தரப்படும் விளக்கங்களுள் ஒன்று.

2007 இன் பின் இரு கோடுகளும் ஒருங்கே ஏறுகின்றன. அதனால் ஒன்று மற்றதன் காரணமாகிவிடாது. அதே காலத்தில் வளிமண்டல மெதேனில் காபன்-13 சமதானியின் பங்கு குறைந்து வந்துள்ளது. ஈரநிலம், கால்நடை, கழிவு முதலிய உயிரியல் மூலங்கள் பெருகியமைக்கு இது அடையாளம். நிலக்கரி மெதேன் பொதுவாக எதிர்த்திசையில் இழுப்பது. செய்மதி அவதானங்களைக் கொண்டு 2019 இல் வெளியான ஆய்வொன்று, 2010-2015 காலத்திற் சீன வெளியேற்றம் ஆண்டுதோறும் ஏறத்தாழ 11 இலட்சம் தொன்னாற் கூடியதெனவும், அது உலக அதிகரிப்பில் 11 முதல் 24 சதவீதத்துக்குச் சமமெனவும் கணித்தது. பெரும்பங்குதான், முழுமையன்று.

சட்டமிருந்தும் இது நேர்ந்தமையே கூர்ந்து நோக்கத்தக்கது. 2002 இல் சீனத்து நிலக்கரிச் சுரங்கங்களில் ஏறத்தாழ 7,000 தொழிலாளர் மாண்டனர். வாயு வெடிப்பு முக்கிய காரணங்களுள் ஒன்று. வாயுவை முதலில் உறிஞ்சியெடுத்துப் பின்னரே அகழ்தல் என்னும் கொள்கை இத்தகைய இழப்புகளின் பின்னணியில் வலுப்பெற்றது. 2015 அளவில் உயிரிழப்பு ஆண்டுக்கு 1,000 இற்குக் கீழே இறங்கியது. இது சிறு சாதனையன்று. ஆனால் உறிஞ்சிய வாயு எங்கே சென்றது? 2008 ஆம் ஆண்டின் நியமப்படி, 30 சதவீதமோ அதற்கு மேலோ மெதேன் கொண்ட வடிகால் வாயுவை வெளியே விடலாகாது. அதனிற் குறைந்ததற்குத் தடையில்லை. காற்றோட்டத்தின் வழியே பெருந்தொகையாக வெளியேறும், 1 சதவீதத்துக்கும் குறைந்த செறிவுள்ள மெதேனுக்கும் தடையில்லை. மலைப்புறச் சுரங்கத்திலிருந்து நகருக்குக் குழாய் இடுதல் இலாபந் தருவதில்லை. நிலக்கரியின் உரிமை ஒருவரிடமும் அதனுள் உறையும் வாயுவின் உரிமை வேறொருவரிடமுமாக இருக்கும் இடங்களும் உள. தொழிலாளியின் உயிர்காக்க எடுத்த வாயு, பண்டமாக மாற இயலாதபோது வானிற் கொட்டப்பட்டது. 2024 இல் திருத்தப்பட்ட நியமம் அவ்வெல்லையை 8 சதவீதமாகத் தாழ்த்தியது.

மாறான சான்றும் சீனாவிலேயே உண்டு. 1980கள் முதல் நெல்வயல்களிற் பயிர்க்காலத்தின் நடுவே நீரை வடிக்கும் வழக்கம் பரவியது. நீர்ச் சிக்கனமும் விளைச்சலுமே அதன் நோக்கங்கள். ஆயினும் வயல்களின் மெதேன் வெளியேற்றம் கணிசமாகக் குறைந்தது.

இன்னொன்றும் உண்டு. அந்நிலக்கரியின் ஒரு பகுதி உருக்காகவும் துணியாகவும் விளையாட்டுப் பொருளாகவும் உருமாறி மேலைச் சந்தைகளுக்குச் சென்றது. நாட்டுவாரிக் கணக்கேடு அதனையும் சீனாவின் பெயரிலேயே பதிகின்றது.