டீசல் வடிகட்டியை வீட்டிலேயே மாற்றும் முறை

சூரமங்கலம் உழவர் சந்தைக்கு விடியுமுன் காய்கறி ஏற்றி வரும் சிறு சரக்கு வண்டிகளும், நெசவாளர் வீடுகளிலிருந்து சேலைக் கட்டுகளைச் சுமந்து செல்லும் வண்டிகளும், மரவள்ளிக் கிழங்கை ஜவ்வரிசி ஆலைக்கு இழுத்துச் செல்லும் டிராக்டர்களும் பெரும்பாலும் டீசலில் ஓடுபவை. அவற்றுள் பல கடன் பெற்று வாங்கப்பட்டவை. வண்டி ஓடினால்தான் தவணை செலுத்த இயலும். சந்தைக்குச் சேரவேண்டிய கீரையும் தக்காளியும் நடுவழியில் நின்றுவிட்டால், அந்த நட்டம் அங்கத்தினரின் தலையில் விழுவதோடு, தவணையை எதிர்பார்த்திருக்கும் சங்கத்தின் கணக்கையும் பாதிக்கிறது.

இவ்வாறு வண்டி நிற்பதற்குப் பல சமயங்களில் காரணமாவது ஓர் அற்பப் பொருள். பட்டறைகளில் ‘டீசல் பில்டர்’ என்று வழங்கும் வடிகட்டி உரிய காலத்தில் மாற்றப்படாமையே அது. வடிகட்டியின் விலை சில நூறு ரூபாய். அதைப் புறக்கணித்ததால் கெடும் பம்பையும் இன்ஜெக்டர்களையும் சீர் செய்யப் பல்லாயிரம் ரூபாய் தேவைப்படும். ஆகவே அங்கத்தினர் ஒவ்வொருவரும் இவ்வேலையைக் கற்றிருத்தல் நலம்.

வடிகட்டி ஏன் தேவை?

டீசல் இயந்திரத்தில் தீப்பொறி தரும் பிளக் கிடையாது. உள்ளே இழுக்கப்பட்ட காற்று கடுமையாக அழுத்தப்பட்டுச் சூடேறுகிறது. அதில் டீசல் பனித்துளி போலத் தெளிக்கப்பட்டவுடன் தானே எரிகிறது. ருடால்ஃப் டீசல் 1897-ஆம் ஆண்டு ஜெர்மனியின் ஆக்ஸ்பர்க் நகரில் இயக்கிக் காட்டிய இயந்திரத்தில், அழுத்தப்பட்ட காற்றே எரிபொருளை உள்ளே செலுத்தியது. அதற்குத் தனியே காற்றழுத்தி வேண்டியிருந்ததால் அது பெரிய ஆலைகளுக்கே ஏற்றதாயிற்று. 1927-இல் ராபர்ட் பாஷ் நிறுவனத்தார் டீசலைத் தெளிக்கும் பம்பைப் பெருமளவில் தயாரிக்கத் தொடங்கிய பின்னரே, டீசல் இயந்திரம் வண்டிகளில் எளிதாக இடம் பெற்றது. நம் நாட்டில் 1951-இல் தொடங்கப்பெற்ற மைக்கோ நிறுவனத்தின் பெயரைப் பழைய டிராக்டர் வைத்திருப்போர் அனைவரும் அறிவர்.

இந்தப் பம்பினுள் மேலும் கீழும் இயங்கும் தண்டுக்கும் அதன் உறைக்கும் உள்ள இடைவெளி, ஒரு மில்லிமீட்டரை ஆயிரம் கூறாக்கினால் அதில் இரண்டு மூன்று கூறுகளே ஆகும். நம் தலைமயிரின் பருமனோ ஏறத்தாழ 70 கூறு. எனவே, கண்ணுக்குப் புலப்படாத தூசியும் அங்கே அரம்போல் தேய்க்கும். மேலும், அப்பாகங்களுக்கு மசகாக விளங்குவதும் டீசலேயாகும். அதில் தண்ணீர் கலந்தால் வழவழப்புப் போய்த் துருப் பிடிக்கும்.

பாவு நூலில் பிசிறும் முடிச்சும் இருந்தால் அச்சில் தட்டி அறுவதை நெசவாளர் அறிவார். சொட்டுநீர்ப் பாசனத்தில் வடிகட்டியைக் கழுவாது விட்டால் சொட்டுவான்கள் அடைபட்டுப் பயிர் வாடுவதை உழவர் அறிவார். டீசல் வடிகட்டியின் கதையும் இதுவே. ஏற்றத்தில் வண்டி இழுவை குறைதல், வேகம் கூட்டும்போது திணறுதல், காலையில் எளிதில் கிளம்பாமை ஆகியவை வடிகட்டி அடைபட்டதற்கான அறிகுறிகளாம்.

எவ்வகை வண்டி?

பழைய டிராக்டர்கள், 2005-இல் வெளிவந்து ‘குட்டி யானை’ என்று பெயர் பெற்ற சிறு சரக்கு வண்டியின் பழைய வகைகள் முதலியவற்றில் இவ்வேலையை வீட்டிலேயே செய்யலாம். 2020 ஏப்ரல் 1 முதல் விற்கப்படும் பி.எஸ்.6 டீசல் வண்டிகளில் பெரும்பாலும் ‘காமன் ரெயில்’ அமைப்பு உள்ளது. அதன் குழாய்களில் வளிமண்டல அழுத்தத்தைப்போல் ஆயிரம் மடங்குக்கும் மேற்பட்ட அழுத்தம் நிலவும். அக்குழாய்களின் இணைப்பை ஒருபோதும் தளர்த்தலாகாது. பீறிடும் டீசல் தோலைத் துளைத்து உட்புகும். அத்தகைய வண்டிகளுக்கு அவற்றின் கையேட்டில் கூறிய முறையையே பின்பற்றுதல் வேண்டும். ஐயமிருப்பின் பட்டறைக்கே விடுக.

மாற்றும் முறை

1. வண்டியைக் காற்றோட்டமான சமதரையில் நிறுத்திக் கை பிரேக் போடுக. இன்ஜின் நன்கு ஆறட்டும். பேட்டரியின் எதிர்முனைக் கம்பியைக் கழற்றி வைக்க. அருகில் பீடியோ அடுப்போ கூடாது.

2. வடிகட்டியின் வெளிப்புறத்தையும் சுற்றுப்புறத்தையும் முதலில் துடைக்க. நெசவாளர் வீடுகளில் கழிவு நூல் எளிதாகக் கிடைக்கும். வெளிப்புறத்தை அதனால் துடைக்கலாம். உட்புறத்திற்கு அது ஆகாது; அதன் பிசிறே அடைப்பாகும். பலமுறை வெளுத்த பழைய வேட்டித் துணியே ஏற்றது.

3. டாங்கியின் குழாயை மூடுக. அடியில் தட்டு வைத்து, வடிகட்டியின் கீழ்த் திருகாணியைத் தளர்த்தி டீசலை வடியவிடுக. அதைக் கண்ணாடிப் புட்டியில் ஊற்றிச் சிறிது நேரம் வைத்தால், கனமான தண்ணீர் அடியில் தனியே நிற்கும். அவ்வாறு கண்டால் டாங்கி மூடியையும் டீசல் வைக்கும் பீப்பாயையும் சோதித்தல் வேண்டும்.

4. கிண்ண வகையாயின் நடுப் போல்ட்டைக் கழற்றிக் கிண்ணத்தை இறக்கித் தூய டீசலால் கழுவுக. இரட்டை வடிகட்டி உள்ள டிராக்டர்களில் முதலாவது துணியாலும் இரண்டாவது காகிதத்தாலும் ஆனது. இடம் மாற்றிப் போடலாகாது. திருகு வகையாயின் பட்டைச் சாவியால் தளர்த்திக் கழற்றுக.

5. பழைய ரப்பர் வளையம் மேல்மூடியில் ஒட்டிக்கொண்டிருக்கிறதா என்று பார்க்க. அதன்மேலேயே புதிய வளையம் அமர்ந்தால் கசிவு நிச்சயம். புதிய வளையத்தில் சிறிது தூய டீசலைத் தடவிப் பொருத்துக. திருகு வகையைக் கையாலேயே இறுக்குதல் போதும். வளையம் தொட்டபின் எவ்வளவு சுற்ற வேண்டும் என்பது வடிகட்டியின் மேலேயே குறிக்கப்பட்டிருக்கும்.

6. இனிக் காற்றை வெளியேற்றுதல் வேண்டும்; பட்டறையில் இதனை ‘ஏர் எடுத்தல்’ என்பர். குழாயைத் திறந்து, வடிகட்டியின் தலையிலுள்ள காற்றுத் திருகாணியைத் தளர்த்திக் கைப் பம்பை அடிக்க. குமிழியற்ற டீசல் வரும்வரை அடித்துப் பின் இறுக்குக. பம்பிலும் காற்றுத் திருகாணி இருந்தால் அங்கும் அவ்வாறே செய்க. இதனைச் செய்யாது ஸ்டார்ட்டரையே சுழற்றிக்கொண்டிருந்தால் பேட்டரிதான் தீரும்.

7. பேட்டரிக் கம்பியை மாட்டி இன்ஜினை இயக்கிச் சில நிமிடம் மெதுவாக ஓடவிட்டுக் கசிவு உண்டா என்று கவனிக்க. கைகளைச் சோப்பிட்டுக் கழுவுக. கழிவு டீசலைக் கிணற்றடியிலோ சாக்கடையிலோ கொட்டாமல், கழிவு எண்ணெய் சேகரிக்கும் பட்டறையில் ஒப்படைக்க.

அன்றாடக் கவனம்

எத்தனை மணி நேரத்திற்கு அல்லது கிலோமீட்டருக்கு ஒருமுறை மாற்றவேண்டும் என்பதைக் கையேடு கூறும். புழுதியில் உழைக்கும் வண்டிக்குச் சற்று முன்னதாகவே மாற்றுதல் நன்று. கீழ்த் திருகாணி உள்ளவர்கள் வாரம் ஒருமுறை தண்ணீரை வடித்துவிடுக. பாதி காலியான டாங்கியில் இரவுக் குளிரால் காற்றின் ஈரம் நீராகப் படியும். ஆதலின் மாலையிலேயே டீசல் நிரப்புதல் சிறந்தது. பீப்பாயில் வைத்த டீசலை ஒரு நாள் தெளியவிட்டு, அடிமண்டியைத் தொடாது மேலாக எடுக்க.

சங்கம் செய்யக்கூடியது

அங்கத்தினர்களின் வண்டி வகைகளைக் கணக்கெடுத்து, அவற்றுக்குரிய வடிகட்டிகளை மொத்தமாக வாங்கி வைத்தால் விலையும் குறையும். போலிச் சரக்கில் ஏமாறுவதும் நீங்கும். ஓய்வு நாளொன்றில் அனுபவமுள்ள மெக்கானிக் ஒருவரைக் கொண்டு செயல்முறை விளக்கம் நடத்தலாம். சங்கத்திற்கே டிராக்டரோ வேனோ இருப்பின், அதன் ஓட்டப் பதிவேட்டில் டீசல் வாங்கிய விவரத்தோடு வடிகட்டி மாற்றிய தேதிக்கும் ஒரு பத்தி ஒதுக்குதல் அவசியம். வாங்கிய டீசலுக்குச் சீட்டு இருக்கும். பராமரிப்புக்குச் சான்று அப்பத்தி ஒன்றே. அங்கத்தினர்களும் தம் கடன் புத்தகத்தோடு ஒரு சிறு குறிப்பேட்டை வைத்து, மாற்றிய நாளை எழுதி வருவார்களாக.