வாங்கிய பாட்டும் வாடகைப் பாட்டும்

நியூயார்க், புரூக்ளின், குயின்ஸ் ஆகிய மூன்று பொது நூலக அமைப்புகளும் 2019 ஜூலை முதல் தேதியோடு ‘கனோபி’ என்ற திரைப்படச் சேவையைக் கைவிட்டன. நூலக அட்டை இருந்தால் போதும், உலக சினிமாவையும் ஆவணப்படங்களையும் காசில்லாமல் வீட்டிலேயே பார்க்கலாம். கூட்டம் பெருகியதுதான் வினையாகிவிட்டது. ஒருவர் ஒரு படம் பார்த்தால் நூலகம் ஏறத்தாழ 2 டாலர் கட்ட வேண்டியிருந்தது. பார்ப்பவர்கள் கூடக் கூட, கட்டுப்படியாகவில்லை.

ஆள் வர வர நூலகத்துக்கு நஷ்டம் என்ற இந்தக் கணக்கு எனக்கு அடிவயிற்றைக் கலக்குகிறது. ஒரு டிவிடியை இருநூறு பேர் எடுத்துப்போய்ப் பார்த்தால் அந்த நூலகர் பெருமைப்படுவார். அதே இருநூறு பேர் இணையத்தில் பார்த்தால் தலையில் கை வைக்கிறார்.

காரணம் சட்டத்தில் இருக்கிறது. ஒரு புத்தகத்தை விற்ற பிறகு அது எங்கே, என்ன விலைக்குப் போகிறது என்று பதிப்பாளர் கட்டளையிட முடியாது என அமெரிக்க உச்ச நீதிமன்றம் 1908-லேயே சொல்லிவிட்டது. நூலகங்கள் இரவல் கொடுப்பது, வாங்கியவருக்கு அப்படிக் கிடைத்த உரிமையின் மேல்தான். இசைத்தட்டும் சிடியும் டிவிடியும் அதற்குள் அடங்கின. டிஜிட்டல் கோப்பு அடங்கவில்லை. ஒருவரிடமிருந்து இன்னொருவருக்குப் போகும்போது அது புதிதாகப் பிரதியாகிறது. காசு கொடுத்து இறக்கிய பாட்டை மறுவிற்பனை செய்ய வழிசெய்த ‘ரீடிஜி’ நிறுவனம் 2013-ல் வழக்கில் தோற்றது. 2018-ல் மேல்முறையீட்டிலும் தோற்றது. ஆகவே டிஜிட்டலில் நூலகம் பெரும்பாலும் வாங்குவதில்லை. உரிமம் எடுக்கிறது, அதாவது வாடகைக்கு இருக்கிறது.

அந்த வாடகையிலும் பல வகை. ‘ஃப்ரீகல்’ சேவையில் வாரத்துக்கு மூன்று பாட்டு என்பதுபோல ஓர் அளவு உண்டு. இறக்கிய பாட்டு வாசகருக்கே சொந்தம். வாசகருக்குக் கொண்டாட்டம்தான். ஆனால் ஊர் வரிப்பணத்தில் வாங்கிய பாட்டு அவரவர் கணினிக்குப் போய்விட, நூலக அலமாரியில் ஒன்றும் மிஞ்சாது. அடுத்தவர் கேட்டால் மறுபடி பணம். 2013-ல் வந்த ‘ஹூப்லா’ இரவல் சேவையில் காத்திருப்பே கிடையாது, ஆனால் ஒவ்வொரு இரவலுக்கும் கட்டணம். அதனால் பல நூலகங்கள் நாள்வரம்பு வைத்திருக்கின்றன. அன்றைய பணம் தீர்ந்ததும் ‘நாளை வாருங்கள்’ என்று திரையில் அறிவிப்பு வந்துவிடும்.

இந்த நெருக்கடியில் எனக்குப் பிடித்த விடையைக் கண்டுபிடித்தது பெருநகரம் ஒன்றும் இல்லை. அயோவா மாநிலத்தில் சுமார் 75,000 பேர் வாழும் அயோவா சிட்டி. எழுத்தாளர்களுக்குப் பேர்போன ஊர். 2008-ல் யுனெஸ்கோ இலக்கிய நகரமாக அறிவித்தது. அந்த ஊர் நூலகம் 2012-ல் இடைத்தரகு நிறுவனங்களை விட்டுவிட்டு நேரே உள்ளூர்ப் பாடகர்களிடமும் இசைக்குழுக்களிடமும் போனது. ஓர் ஆல்பத்துக்கு 100 டாலர், இரண்டு ஆண்டு உரிமம். ஊர்க்காரர்கள் நூலக அட்டையைக் காட்டி எத்தனை பேர் வேண்டுமானாலும் இறக்கிக்கொள்ளலாம், வைத்துக்கொள்ளலாம். தலைக்கு இவ்வளவு என்ற கணக்கே இல்லை. கலைஞருக்கு ரொக்கம், தன் ஊரிலேயே கேட்க ஆளும் கிடைக்கிறார்கள். பெரிய இசை நிறுவனங்கள் திரும்பிப் பார்க்காத பாட்டுகளுக்கு இப்படி ஓர் இடம் அமைந்தது. மேடிசன் 2014-லும், கனடாவின் எட்மண்டன் 2015-லும், சியாட்டில் 2016-லும் இதேபோன்ற உள்ளூர் இசைத் தொகுப்புகளைத் தொடங்கின.

இதுவும் உரிமம்தான், மறுக்கவில்லை. ஆனால் விதிகளை நூலகமும் கலைஞரும் எதிரெதிரே உட்கார்ந்து பேசி எழுதுகிறார்கள். அந்த ஒரு வித்தியாசமே பெரிது.

அமெரிக்காவில் வாழும் நம்மவர்கள் பலரிடம் நூலக அட்டை இருக்கிறது. அங்கே நூலக வாரியக் கூட்டங்கள் பொதுவாக மக்களுக்குத் திறந்தவை. அடுத்த கூட்டத்துக்குப் போய் இரண்டு கேள்வி கேளுங்கள்: இந்தச் சந்தா நின்றால் நம்மிடம் என்ன மிஞ்சும்? நம் ஊர்ப் பாடகர்களிடம் நேரே எப்போது வாங்கப்போகிறீர்கள்? பழைய சிடிக்களைக் கழித்துக்கட்ட நினைத்தால், வேண்டாம் என்றும் சொல்லிவிட்டு வாருங்கள்.