சூலை தீர்ந்தபின் தொடங்கிய தொண்டு

பண்ருட்டிக்கு அருகே, கெடில நதியை ஒட்டி அமைந்துள்ளது திருவதிகை வீரட்டானம். அட்ட வீரட்டத் தலங்களுள் ஒன்றான இது, இறைவன் திரிபுரம் எரித்த தலமாகப் போற்றப்படுகிறது. அண்ணாகிராமம் வட்டாரத்து அடியார்களுக்கு மிக நெருக்கமான திருக்கோயில் இது. வயிற்றைப் பற்றிக்கொண்டு துடித்த ஒருவர், விடியலுக்கு முந்தைய இருளில் தமக்கையின் பின்னே தளர்ந்து நடந்து நுழைந்ததும் இத்திருவாயிலில்தான். அவரே பின்னாளில் திருநாவுக்கரசராக உலகம் தொழ நின்றவர்.

ஏழாம் நூற்றாண்டில், பண்ருட்டியை அடுத்த திருவாமூரில், புகழனாருக்கும் மாதினியாருக்கும் பிறந்தவர் அவர். பெற்றோர் இட்ட பெயர் மருள்நீக்கியார். தமக்கையார் திலகவதியாரைக் கலிப்பகையார் என்னும் படைத்தலைவருக்கு மணம் பேசியிருந்தனர். அவர் போர்க்களம் சென்றிருந்த காலத்தில் புகழனார் மறைந்தார்; மாதினியாரும் உடன் மறைந்தார். அத்துயரம் ஆறுமுன் கலிப்பகையார் களத்தில் வீழ்ந்த செய்தியும் வந்தது. உயிர்விடத் துணிந்த திலகவதியார், தம்பியின் கண்ணீரைக் கண்டு, அவருக்காகவே உயிர் தாங்கினார். தம்பியோ நிலையாமையை எண்ணி எண்ணிச் சமண சமயம் புகுந்தார். கடலூரின் பகுதியாக இன்று விளங்கும் திருப்பாதிரிப்புலியூரில், பாடலிபுத்திரம் என வழங்கிய மடத்தில், தருமசேனர் என்னும் பெயரோடு பெருமதிப்புடன் வாழ்ந்தார். அந்நாளில்தான் சூலை நோய் அவரைப் பற்றியது.

நோய் ஒருவரை எங்ஙனம் ஒடுக்கும் என்பதைச் சேக்கிழார் பெருமான் பெரியபுராணத்தில் உருக்கமாகக் காட்டுகிறார். உடனிருந்தோர் அறிந்த முறைகளையெல்லாம் செய்து பார்த்துக் கைவிட்டனர். கல்வியும் புகழும் அவ்வலியின் முன் துணைநிற்கவில்லை. அப்போது அவருக்கு நினைவில் வந்தவர் தமக்கையார் ஒருவரே. தமக்கு உணவு சமைப்பவனை அவரிடம் தூது அனுப்பினார். திலகவதியார் மடத்துக்கு வர இசையவில்லை. அச்செய்தி கேட்டதும், தம்பியார் பாயுடையும் கமண்டலமும் மயிற்பீலியும் ஒழித்து, வெள்ளாடை உடுத்து, பிறர் கைப்பற்றி ஊன்றியபடி இரவோடு இரவாகத் திருவதிகை வந்து சேர்ந்தார்.

இங்கே திலகவதியார் செய்தது என்ன? சென்றதைச் சொல்லிக் கடிந்துகொள்ளவில்லை. திருவைந்தெழுத்து ஓதித் திருநீறு அளித்தார். திருப்பள்ளியெழுச்சி வேளை வந்ததும், நாள்தோறும் செய்வதுபோலவே திருவலகும் திருமெழுக்கும் தோண்டியும் எடுத்துக்கொண்டு, தம்பியையும் உடன் அழைத்துக்கொண்டு கோயிலுக்குப் புறப்பட்டார். நோயாளி வந்துவிட்டார் என்று அன்றைய பணியை அவர் நிறுத்தவில்லை. தம் பணி நடக்கும் இடத்துக்கே நோயாளியை அழைத்துச் சென்றார். பெற்றோரையும் வாழ்வையும் ஒருசேர இழந்த நாளில் தம்மைத் தாங்கியது எதுவோ, அதையே தம்பிக்கும் கொடுத்தார் அந்த அம்மையார்.

வீரட்டானேசுவரர் திருமுன்பு கொல்லிப் பண்ணில் அமைந்த முதற்பதிகம் பிறந்தது, சூலை தீர்ந்தது. நாவுக்கரசர் என்னும் திருநாமமும் அருளப்பெற்றது. நம்மில் பலர் கதையை இங்கேயே முடித்துக்கொள்கிறோம். நாவுக்கரசரின் வாழ்வோ இங்கேதான் தொடங்குகிறது. மீண்ட உடலை அவர் ஓய்வில் வைக்கவில்லை. மனத்தால் நினைவும், வாக்கால் தமிழும், கையில் உழவாரமும் கொண்டு தலந்தோறும் நடந்தார். பிரகாரத்துப் புல்லைச் செதுக்கினார். அவர் பாடியவை 4, 5, 6ஆம் திருமுறைகளாக இன்றும் ஓதப்படுகின்றன.

திருவீழிமிழலையில் பஞ்சம் வந்தபோது, அடியார்களுக்கு அமுதளிக்க இறைவன் படிக்காசு அருளினார். திருஞானசம்பந்தர் பெற்ற காசு மாற்றுக் குறைந்து வட்டம் கொடுத்து மாற்ற வேண்டியதாயிற்று. நாவுக்கரசர் பெற்றதோ வாசி இல்லாத காசு. கைத்தொண்டு செய்பவர் என்பதே அதற்குக் காரணமாகச் சேக்கிழார் கூறுவது. திருப்புகலூரில் அவர் செதுக்கிய இடத்தில் பொன்னும் மணியும் கிடந்தபோது, கல்லோடு கல்லாக அவற்றையும் உழவாரத்தால் வாரிக் குளத்தில் எறிந்தார். பணியே அவருக்கு நிறைவாக இருந்தது.

முதுமையில் அவருக்கும் உடல் ஒத்துழைக்கவில்லை. கயிலை காணப் புறப்பட்டவர், கால் தேய்ந்தபின் கையால் ஊர்ந்தார், கையும் தளர்ந்தபின் மார்பால் தவழ்ந்தார், பின்பு புரண்டார். இறைவனோ அவரைத் திருவையாற்றுக்கே திருப்பி, அங்கேயே கயிலைக் காட்சி அருளினார். ஆடி அமாவாசையன்று திருவையாற்றில் இன்றும் அந்தக் காட்சி விழாவாகக் கொண்டாடப்படுகிறது. உடல் எட்டாத இடத்தை எண்ணி ஏங்குவோருக்கு, இருக்குமிடத்திலேயே அருள் வாய்க்கும் என்பதை உணர்த்தும் நிகழ்ச்சி அது.

நீரிழிவு, இரத்த அழுத்தம், மூட்டுத் தேய்மானம், சிறுநீரகக் கோளாறு என இன்று மருத்துவர் சொல்லும் நோய்கள் பலவும் ஒருநாளில் தீர்வன அல்ல. வாழ்நாள் முழுதும் உடன்வருவன. வேளை தவறாத மருந்தும் பத்தியமும் பரிசோதனையும் அவற்றுக்கு இன்றியமையாதவை. வழிபாட்டை நம்பி மாத்திரையை நிறுத்துவது பக்தி ஆகாது; உடலையும் இறைவன் தந்ததாகப் பேணுவதே முறை. 2021 ஆகஸ்டில் தமிழக அரசு தொடங்கிய 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டத்தின்கீழ் சர்க்கரைக்கும் இரத்த அழுத்தத்துக்குமான மாத்திரைகள் இல்லம் தேடியே வருகின்றன. நடமாட இயலாத முதியோர் அதனைப் பயன்படுத்திக்கொள்ளலாம்.

மருந்து உடலைக் காக்கும். ஆனால், விடிந்ததும் எழுவதற்கு ஒரு காரணம் வேண்டுமே! அதைத் தருவது தொண்டு. குனிந்து புல் செதுக்க இயலாதவர், அமர்ந்தபடி மாலை தொடுக்கலாம். கோயிலுக்கு நடக்க முடியாதவர், வீட்டு வாயிலில் அமர்ந்து பேரப்பிள்ளைகளுக்கு ஒரு பதிகம் சொல்லிக்கொடுக்கலாம். அதுவும் இயலாதவர், படுக்கையில் இருந்தபடியே ஐந்தெழுத்தை உள்ளத்தில் எண்ணலாம். கையால் முடியாதபோது வாக்கு; வாக்கும் தளர்ந்தபோது மனம். ஏதேனும் ஒரு வாயில் என்றும் திறந்தே இருக்கும்.

இல்லத்தில் நோயுற்றவரை உடையோருக்குத் திலகவதியாரே வழிகாட்டி. நீறு அளித்த அந்தக் கை, துடைப்பத்தையும் கீழே வைக்கவில்லை. திருவதிகை செல்லும் அன்பர்கள், வீரட்டானேசுவரரைத் தொழும்போது அந்த அம்மையாரையும் நினைந்து கைகூப்பட்டும். ஒரு பூவையேனும் தாமே தொடுத்து அங்கே சாத்தட்டும்.